சேம்பர் கேட்காமல் விட்ட கேள்வி

எனக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று சொல்பவர்கள் என்னோடு வேலை பார்க்காதவர்கள். வேலை பார்த்தவர்கள் அதைத் திமிர் என்பார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்தான். பதினான்கு வருடங்களில் இசக்கியம்மாள் கட்டிக் கொடுத்த அமைப்பு எதுவும் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. கல்லூரியில் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் பிற்பாடு என்னிடம் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை கொடுத்தேன்.

அன்று காலை நான்காம் மேடைக்குப் போன படகில் நான் ஏறியது ஒரே ஒரு கையெழுத்து வாங்குவதற்காக. தூத்துக்குடிக் கரையிலிருந்து மூன்று மணி நேரம் போனால், கடலுக்கு நடுவில் நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் மேடை அது. கீழே நூறு மீட்டர் ஆழத்தில் காற்றாலைகளுக்கு அடித்தளம் போடுகிறார்கள். அதைப் போடும் முங்கிகள் ஐந்து நாள் அங்கேயே கூண்டில் தங்கி, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே தின்று, தூங்கி, வேலை செய்துவிட்டு மேலே வருவார்கள். வந்ததும் நேராகச் சேம்பருக்குள் போக வேண்டும். ஆளுக்கு ஒரு சேம்பர், படுக்கையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள இரும்புக் குழாய். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக இறக்கி மனிதனைச் சாதாரணக் காற்றுக்குப் பழக்கும்.

என் அப்பா காலத்தில் இதற்கு ஐந்து நாள் ஆகும். இப்போது ஏழு மணி நேரம். காரணம் மருந்து. முதல் ஊசி எல்லோருக்கும் ஒன்றே. இரண்டாவது ஊசி அவரவர் உடம்புக்கு அளந்தது. நுரையீரல், ரத்தம், ஈரல் என்று எல்லாவற்றையும் பார்த்துச் சேம்பரே கணக்குப் போட்டுச் சேம்பரே குத்தும். ஒருமுறை ஒரு டாக்டர் தன் கையால் அளவை மாற்றப்போய் விபத்து ஆனதால், அதற்கப்புறம் அந்த அளவில் மனிதர் கை படவே முடியாதபடி செய்துவிட்டார்கள்.

நான் அங்கே செய்தது ஒரு வாசல். அதற்கு முன்னால் மேடையில் பதினொரு இயந்திரங்கள் இருந்தன. சாப்பாட்டுக் கூடம், படுக்கை அறை, கருவிக் கிடங்கு, வருகைப் பதிவு, மருத்துவம் என்று வரிசையாக, கடைசியில் சேம்பர். பதினொன்றும் பதினொரு கம்பெனிகளில் வாங்கியவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக "நீ யார்?" என்று கேட்கும், தனித்தனியாகக் கடவுச்சொல் கேட்கும். முங்கிகள் பாவம், தொழிலாளர் எண்ணையும் கடவுச்சொற்களையும் ஹெல்மெட்டின் உட்புறத்தில் மார்க்கரால் கிறுக்கி வைத்திருந்தார்கள். நான் அந்த ஹெல்மெட்டைப் படம் எடுத்துச் சென்னைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். அறையே சிரித்தது. ஒப்பந்தம் அன்றைக்கே கைக்கு வந்தது.

என் திட்டம் எளிமையானது. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பவர் ஒருவரைப் பார்த்து "மாப்பிள்ளை வீட்டார்" என்று சொல்லிவிட்டால், பந்தியில் இலை போடுபவர் மறுபடி விசாரிப்பதில்லை. அதுபோல, தூத்துக்குடிப் படகுத்துறையில் ஒரு வாசல். முகம், கண், விரல் எல்லாம் அங்கே ஒரே ஒரு தடவை. சரியென்றால் மணிக்கட்டில் ஒரு பட்டை. அதன்பிறகு பதினான்கு நாளைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பட்டை எங்கே போனாலும், "இவர் இன்னார்" என்று வாசலே உள்ளே உள்ள இயந்திரத்துக்குச் சீட்டு அனுப்பிவிடும். இயந்திரம் சீட்டைப் படிக்கும், நம்பும், கதவைத் திறக்கும்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உள்ளே இருக்கும் இயந்திரம் வாசலிலிருந்து வரும் சீட்டை மட்டும்தான் நம்ப வேண்டும். கொல்லைப்புறமாக வந்து வேறு யாராவது சீட்டு நீட்டினால் அதையும் நம்பிவிடும் என்றால், முன்வாசலில் எத்தனை காவல் போட்டும் பயனில்லை. ஆகவே பதினொரு இயந்திரங்களின் பின்வாசலையும் நானே என் கையால் பூட்டினேன். சேம்பருக்குப் பின்னால் ஒரு சிறிய இரும்புப் பெட்டி, அதற்குள் பராமரிப்புச் சுவிட்ச், அதை அணைத்து, பெட்டியின் மேல் சிவப்பு முத்திரைத் தாள் ஒட்டி, தேதி போட்டேன்.

அறிக்கையில் எழுதினேன்: சேம்பரின் பழைய கேள்வி நீக்கப்பட்டது. மிச்சமான நேரம், ஆளுக்குப் பதினாறு நொடி.

இது நடந்து மூன்று வாரம். பத்துப் பிரிவுகளின் பொறுப்பாளர்களும் "திருப்தி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி சேம்பர் மட்டும்தான்.

சேம்பர் அறையில் ஜெசிந்தா பணியில் இருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். நான் அவளை முன்பு பார்த்ததில்லை, நான் வேலை செய்த வாரத்தில் அவள் விடுப்பு. பட்டையிலிருந்து வந்த பெயர் மேஜைத் திரையில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு தடவை "ஜெசிந்தா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். காதில் கருவி மாட்டியிருந்தாள், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடையே காலியா இருக்கே?"

"ஊர்ல மாதா கோவில் திருவிழா மேடம். இன்னைக்குச் சப்பரம். லீவு கெடைச்சவிய எல்லாம் கரைக்குப் போயிட்டாவ."

"உனக்குக் கெடைக்கலையா?"

"இல்ல மேடம்" என்றாள். அப்புறம் யாருக்கோ போன் போட்டாள். எடுக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை போட்டாள்.

"யாருக்கும்மா?"

"அக்காவுக்கு. சப்பரத்துச் சத்தத்துல போனு கேக்காது."

நான் படிவத்தை நீட்டினேன். பேனாவை எடுத்தவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"படிச்சுப் பாத்துட்டே போடு. அவசரமில்ல" என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன் என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்தாள். என் வேலையைச் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. மணி அப்போது பன்னிரண்டு ஐந்து.

மூன்றாம் சேம்பரில் மட்டும் ஆள் இருந்தார். பெயர் லடிஸ்லாஸ். முதல் ஊசி பதினொரு மணிக்கு ஏறிவிட்டது, இரண்டாவது ஒன்று பத்துக்கு. எல்லா எண்களும் பச்சையாக இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு ஒலிபெருக்கியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுத்தக் காற்றில் எல்லோர் குரலும் வாத்துக் குரலாக மாறிவிடும். இயந்திரம் அதைச் சரிசெய்து கொடுக்கும், இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

"அக்கா, சேம்பரு இன்னும் கேக்கலையே."

"என்ன கேக்கல?" என்றாள் ஜெசிந்தா.

"பேரு. பன்னெண்டு மணிக்குக் கேக்குமே. ரெண்டாவது ஊசிக்கு முன்னால எப்பவும் கேக்கும்லா."

நான் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டேன். "தம்பி, அது பழசு. இப்பக் கேக்காது. வாசல்லயே எல்லாம் முடிஞ்சது. நிம்மதியாப் படுங்க."

உள்ளே படுக்கையில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நீங்க யாரு?"

"வாசலைப் போட்ட இசக்கியம்மாள்."

"அப்ப ஒங்ககிட்டதான் சொல்லணும் மேடம். நான் லடிஸ் இல்ல. அமலன்."

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம். "அது எப்படி? வாசல் லடிஸ்லாஸ்னுதானே சொல்லுது?"

"பட்டை அவனுது மேடம். அவன் வாசலைத் தாண்டி வாங்கினான். வேலிக்கு மேல கைய நீட்டி எனக்குத் தந்துட்டான். இந்த வருசம் சப்பரம் தூக்குறது அவன் வீட்டு நேர்ச்ச."

"பட்டையைக் கழட்டவே முடியாதே!"

"மாட்டும்போது முஷ்டியை இறுக்கிப் பிடிச்சிக்கிடணும். பெறவு சோப்பு."

பட்டையின் அளவை நாங்கள் அலுவலகத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து எடுத்திருந்தோம். கடலில் கயிறு இழுக்கும் கைகளை எடுக்கவில்லை.

"இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம், தெரியுமா? வேலை போயிரும், ரெண்டு பேருக்கும்."

"தெரியும் மேடம். ஆனா இது இன்னைக்கு நேத்திக்கு உள்ளதில்ல. ஒருத்தனுக்கு நல்லது பொல்லாதுன்னா இன்னொருத்தன் எறங்குவான். சாப்பாட்டு எடத்துல அவன் பேரு, கட்டில்ல அவன் பேரு, வருகையில அவன் பேரு. சேம்பர்ல மட்டும் சொந்தப் பேரு. சேம்பருகிட்ட யாரும் பொய் சொன்னதே கெடையாது. உசுரு விசயம்லா. அது கேக்கும், நாங்க நெசத்தச் சொல்லுவோம், அது மருந்தப் போடும். அது யாருகிட்டயும் போய்ச் சொல்லாது. இப்ப அது கேக்கவே மாட்டேங்குது."

பதினொரு இயந்திரம் பதினொரு கேள்வி கேட்டதை மடத்தனம் என்று நினைத்திருந்தேன். அதில் பத்துக் கேள்விக்கு அவர்கள் பொய்யான பதிலையும் ஒன்றுக்கு உண்மையான பதிலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பதினொன்றையும் ஒன்றாக்கினேன். எங்கும் ஒரே பெயர் என்றேன். அதனால் பொய்யும் எங்கும் ஒன்றேயாகிவிட்டது. ஒரு வாரம் நான் இங்கே கிடந்திருக்கிறேன், ஒரு முங்கியிடமாவது "இந்தக் கேள்வி எதற்கு?" என்று கேட்கவில்லை.

ஜெசிந்தா அதற்குள் இருவரின் மருத்துவக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவிட்டாள். லடிஸ்லாஸுக்கு இரண்டாவது ஊசி நாற்பத்தொன்று. அமலனுக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து ஒரு பக்கத்து நுரையீரல் சுருங்கியிருந்தது. அவனுக்குப் பதினேழு.

"நாப்பத்தொண்ணு போனா?" என்றேன்.

"மூச்சு நின்னுரும் மேடம்."

மணி பன்னிரண்டு முப்பத்தொன்று.

சென்னைக்குப் போன் போட்டேன். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் தணிகாசலம் எடுத்தார். நல்ல மனிதர், குரலே உயராது. நடந்ததைச் சொன்னேன்.

"உள்ள இருக்கறது லடிஸ்லாஸ்தானே மேடம்?"

"இல்ல சார். அதத்தான் சொல்றேன். அவர் வேற ஆளு."

"திரையில லடிஸ்லாஸ்னு இருக்கே. நானும் பார்த்துட்டுதான் இருக்கேன்."

"பட்டைதான் சார் அவரோடது. உள்ள இருக்கற உடம்பு வேற."

"முகம், கண்ணு, விரல் மூணும் சரியா இருந்திருக்கு மேடம். நீங்களேதான் எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க, மறுபடி சந்தேகப்படக் கூடாது, அதுதான் இதோட அழகுன்னு. வாசல் சொல்லிடுச்சு, அப்புறம் நாம என்ன சொல்றது?"

"சார், நீங்க வாசல்ல இருந்து அந்தப் பேரை ரத்து பண்ணலாம்."

"பண்ணலாம். அடையாளத்தை ரத்து பண்ண மூணு பேர் கமிட்டி கூடணும். ஒருத்தர் விமானத்துல இருக்கார். மூணு மணிக்கு இறங்குவார்."

போனை வைத்தேன். அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் பாடத்திலிருந்து எடுத்தது.

"பட்டையை உள்ளயே அறுத்துட்டா?" என்றேன்.

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "பட்டை இல்லன்னா சேம்பருக்குள்ள ஆளே இல்லன்னு நெனச்சிக்கிடும் மேடம். ஆளில்லாத சேம்பர்ல காத்தை மொத்தமாத் தொறந்து விட்டுரும். அந்த வேகத்துல ரத்தம் சோடா மாதிரி பொங்கிரும்."

"நிறுத்தி வைக்கலாமா?"

"ஒரே ஒரு தடவ. இருவது நிமிசம். அதுக்கு மேல நிறுத்தினா, முதல் ஊசி போட்ட ஒடம்பு தாங்காது."

"நிறுத்து. ஆனா இப்ப வேண்டாம். ஒண்ணு ஒன்பதுக்கு நிறுத்து."

அதாவது ஒன்று முப்பது வரை அமலனின் உயிர் என் கையில் இருந்தது. ஒலிபெருக்கியில் அவன் மெதுவாகச் செபம் சொல்ல ஆரம்பித்திருந்தான். நடுவில் நிறுத்தி, "மேடம், லடிஸு பேரை எழுதிராதிய. அவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய" என்றான். சாகப்போகிற நேரத்தில் பட்டை கொடுத்தவனுக்காகப் பேசுகிறான்.

வாசல் சீட்டை மாற்றாது. சேம்பர் வாசல் சீட்டை மட்டும்தான் நம்பும். வாசல் இல்லாமல் சேம்பரிடம் நேராகப் பேச ஒரே வழி, நான் பூட்டிய பின்வாசல். பராமரிப்புச் சுவிட்ச் போட்டிருந்தால், எவர் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் சேம்பர் வாங்கிக்கொள்ளும்.

"சுவிட்சை இப்பப் போட முடியுமா?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும்.

"உள்ள ஆள் இருக்கும்போது சுவிட்சு அசையாது மேடம். ஆள் ஏறுறதுக்கு முன்னாலயே போட்டிருந்தாத்தான் உண்டு."

நான் அதை அணைத்திருந்தேன். என் கையால் அணைத்தேன், முத்திரை ஒட்டினேன், படம் எடுத்தேன், அறிக்கையில் இணைத்தேன். இருந்தாலும் எழுந்து ஓடினேன். சேம்பர்களுக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்து, எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குள் பக்கவாட்டில் நகர்ந்து போகும்போது, பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, நான் தவறு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறந்திருக்க வேண்டும். வேறு சேம்பரின் பெட்டியைப் படம் எடுத்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு மடத்தனம் பண்ணியிருக்க வேண்டும், இசக்கியம்மாள், தயவு செய்து.

மூன்றாம் சேம்பரின் பெட்டியில் என் சிவப்பு முத்திரை இருந்தது. என் எழுத்தில் தேதியும் இருந்தது. ஆனால் நடுவில் பிளேடால் நேராகக் கீறி, மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தார்கள். ஜெசிந்தா சாவிக்கொத்தை நீட்டினாள். திறந்தேன். சுவிட்ச் போட்டே இருந்தது.

ஏன், எப்படி என்றெல்லாம் யோசிக்க அப்போது நேரமில்லை. கைக்கணினியைச் செருகினேன். ஒலிபெருக்கியின் ஒயரை இழுத்துச் சந்துக்குள் கொண்டுவரச் சொன்னேன்.

"அமலன், உங்க தொழிலாளர் எண்?"

"ஒம்பது நாலு... ஒம்பது நாலு ரெண்டு..." நின்றுவிட்டான். "மறந்துட்டு மேடம். மூணு வாரமா யாரும் கேக்கலையே."

ஒன்று ஒன்பது ஆனது. ஜெசிந்தா ஓடிப்போய் நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள். இனி இருபது நிமிடம்.

சென்னைத் தொழிலாளர் பட்டியலில் பார்க்கலாம் என்றால், அதைத் திறக்கவும் வாசல் வேண்டும். வாசலுக்குத் தெரிந்து அமலன் கரையில் விடுப்பில் இருந்தான். விடுப்பில் இருப்பவரின் எண்ணைக் காட்ட மாட்டேன் என்றது. அந்தரங்கம் காக்கும் அந்த விதியையும் நான்தான் எழுதினேன். மருத்துவக் குறிப்பில் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது.

"தம்பி, எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

தயக்கத்தோடு, "ஹெல்மெட்டுக்குள்ள எழுதியிருந்தேன். நீங்க அழிக்கச் சொல்லி நோட்டீசு ஒட்டினிய..."

"ஆமா."

"நான் அழிக்கல மேடம். சோம்பல்ல விட்டுட்டேன்."

அந்தச் சோம்பலுக்குக் கோவில் கட்டலாம். "ஹெல்மெட் உங்களோடதா, லடிஸோடதா?"

"ஹெல்மெட்டை மட்டும் மாத்த மாட்டோம் மேடம். இந்தா, கொக்கியில மாட்டிக் கெடக்கு."

எழுந்து எடுத்து, உட்புறத்தை விளக்குக்கு நேராகத் திருப்பி, அவன் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். ஏழாவது இலக்கம் வியர்வையில் அழிந்திருந்தது. ஒன்றா ஏழா என்று அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளை, அதிலிருந்துதான் மருத்துவக் குறிப்பின் மூன்று இலக்கம் தொடங்கியது. ஏழு. சீட்டை என் கையாலேயே எழுதினேன். மூன்றே வரி. பெயர், எண், நேரம். அனுப்பினேன்.

சேம்பர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நம்பியது. திரையில் லடிஸ்லாஸ் போய் அமலன் வந்தான். நாற்பத்தொன்று மறைந்து, கொஞ்ச நேரம் வெறும் கோடாக இருந்து, பதினேழு என்று நின்றது. மணி ஒன்று இருபத்திரண்டு. ஜெசிந்தா பொத்தானை விடுவித்தாள். ஊசி ஏறியது. பச்சை எண்கள் இரண்டு ஆடி அடங்கின.

"எப்படி இருக்கு தம்பி?"

"பசிக்கி மேடம்."

நான் அந்த எண்ணெய்ச் சந்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

அவன் வெளியே வர இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு வேலை செய்தேன். சேம்பரின் பழைய கேள்வியைத் திரும்ப வைத்தேன். இரண்டாவது ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் சேம்பர் கேட்கும்: உள்ளே இருப்பது யார்? வாசல் யாரைச் சொன்னாலும் சரி, படுத்திருப்பவர் சொல்லும் பெயருக்குத்தான் மருந்து. கதவு திறந்ததும் அந்தப் பதில் அழிந்துவிடும், வேறெந்த இயந்திரத்துக்கும் போகாது. எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

இனிப் பின்வாசல் தேவையில்லை. பூட்டுவதற்கு முன் அதன் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று வாரத்தில் அந்த வழியாக ஒன்பது சீட்டு போயிருந்தது. ஒன்பது பெயர், என்னுடையதைப் போலவே மூன்று மூன்று வரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முங்கியின் உண்மையான பெயர். ஒவ்வொன்றும் இரண்டாவது ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் எழுதப்பட்டது. எல்லாமே ஜெசிந்தாவின் சாவியால்.

ஒன்பது பேரை நான் கொன்றிருப்பேன். என் முத்திரையை ஒருத்தி பிளேடால் கீறியதால் அவர்கள் உயிரோடு சப்பரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேஜையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், ஆனால் கேள்விதான் முதலில் வந்தது. "ஒன்பது பேரைக் காப்பாத்தியிருக்க ஜெசிந்தா. இன்னைக்கு மட்டும் ஏன் எழுதாம விட்ட? கடைசி நிமிஷம் வரைக்கும் அந்த வழி தொறந்திருக்குன்னு ஏன் சொல்லல?"

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டில் பட்டை தளர்வாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றாள். "நான் ஜெசிந்தா இல்ல. புளோரா. ஒண்ணாம் மேடையில இதே வேலதான் பாக்கேன். இங்க உள்ளவிய மொகம் ஒண்ணும் எனக்குத் தெரியாது. அவ மகளுக்கு இன்னைக்குத் திருவிழாவுல புதுநன்ம, மொத மொத நன்ம வாங்குறா, ஒரு நாள் எறங்குடின்னா. போகும்போது, லடிஸுன்னு பேரு வந்தா எனக்கு ஒரு போனு போடுன்னு சொன்னா. எதுக்குன்னு சொல்லல. காலைலருந்து போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

படிவத்தின் மேல் மூடிய பேனா அப்படியே கிடந்தது. ஜெசிந்தாவின் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதை என் வேலையின் மேல் அவள் வைத்த சந்தேகம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு அமலன் வெளியே வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். ஆறரைக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. கமிட்டி கூடிவிட்டதாம்.

"மேடம், சேம்பரோட பின்வாசல் திறந்திருந்திருக்கு. முத்திரையை யாரோ வெட்டியிருக்காங்களா?"

ஜன்னல் வழியாகப் புளோரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அமலன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், உட்புறத்தைத் தொடாமல்.

"யாரும் வெட்டல சார். நான்தான் பூட்ட மறந்துட்டேன். எழுதிக்கோங்க."

"நீங்களா?" தணிகாசலம் சாரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "இசக்கியம்மாள் மேடமா?"

"நானேதான். தப்பு என்னோடது."

பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடித்தபோது அது உண்மையாகத்தான் பட்டது. பதினான்கு வருடப் பெயர் ஒரு வரியில் போயிற்று. நான் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரி, உள்ள இருந்தது யாரு?"

"நீங்கதானே சார் பார்த்துக்கிட்டு இருந்தீங்க? லடிஸ்லாஸ்னு."

"அது... ஆமா. பணியில இருந்த ஆப்பரேட்டர்?"

"ஜெசிந்தா."

"உறுதியா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க?" என்றேன். "வாசல் சொல்லிடுச்சு. அப்புறம் நாம என்ன சொல்றது?"